பச்சப்பிள்ளைக்கு வலி தெரியாதா? குதிகாலில் குத்துவது பற்றி ஒரு கேள்வி

4 மார்ச் 2024, இரவு 10.52. மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

பொண்ணு பொறந்து நாலு நாள் ஆகுது. ஒடம்பு மஞ்சளா இருக்குன்னு தெனமும் குதிகால்ல குத்தி ரத்தம் எடுக்கறாங்க. அம்மாவ வெளிய நிக்கச் சொல்லிட்டுக் கதவச் சாத்திடறாங்க. உள்ள அது கத்தற கத்துல எனக்கு வயித்தப் பெசையுது. பச்சப்பிள்ளைக்கு வலியெல்லாம் தெரியாது, அழுதாத்தான் நுரையீரல் விரியும்னு மாமியார் சொல்றாங்க. நர்ஸ் மிஸ்ஸியும் அதயேதான் சொன்னாங்க. உண்மையா? நாளைக்கு மறுபடியும் போகணும்.

4 மார்ச், இரவு 11.40

உண்மை இல்லை தம்பி. வலி தெரியும். நாளைக்கே போக வேண்டும் என்பதால் செய்ய வேண்டியதை மட்டும் இப்போது சொல்கிறேன், காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். பினாங்கில் பச்சிளங்குழந்தை வார்டில் 19 வருஷம் வேலை பார்த்தவள் நான்.

உங்கள் மனைவி வெளியே நிற்க வேண்டாம். உள்ளே உட்கார்ந்து பால் கொடுக்கட்டும். ஊசியைப் பார்த்த பிறகு ஆரம்பிக்கக் கூடாது. குறைந்தது இரண்டு நிமிஷம் முன்பே பிள்ளை நன்றாக வாய்வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். குத்தும்போதும் நிறுத்தக் கூடாது, ரத்தம் எடுத்து முடித்து பிளாஸ்டர் ஒட்டும்போதும் நிறுத்தக் கூடாது. ஒரு கால் மட்டும் துணிக்கு வெளியே நீட்டியிருந்தால் மிஸ்ஸிக்குப் போதும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேட்கும்போது சண்டை போடுகிற மாதிரி கேட்காதீர்கள். கவுண்டரில் பெயர் கொடுக்கும்போதே, "போலே சாயா சுசுகான் பேபி மாசா அம்பில் டாரா?" (ரத்தம் எடுக்கும்போது பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?) என்று கேளுங்கள். உள்ளே போய்ப் பிள்ளையை மேசையில் படுக்க வைத்த பிறகு கேட்டால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள், வரிசை அவ்வளவு நீளம்.

பால் கொடுக்க முடியாத நிலை என்றால் நீங்கள் சட்டையைக் கழற்றுங்கள். பிள்ளைக்கு நாப்பி மட்டும். உங்கள் நெஞ்சில் அதன் நெஞ்சு படும்படி பத்துப் பதினைந்து நிமிஷம் அணைத்து வைத்திருந்து, அப்படியே குத்தச் சொல்லுங்கள்.

4 மார்ச், இரவு 11.58

முக்கியமானதை விட்டுவிட்டேன். வலிக்கிறதே என்று ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மஞ்சள் மிக அதிகமாக ஏறினால் மூளையைப் பாதிக்கும். காது கேட்காமல் போகும், கை கால் முடங்கும். பரிசோதனை வேண்டும், அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் நமக்குப் பேச்சு.

5 மார்ச், காலை 6.15

பால் குடிக்கும்போது குத்தினால் புரையேறாதா, அப்புறம் மார்பைக் கண்டாலே பிள்ளை பயப்படாதா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். நானும் பயந்தவள்தான். பால் கொடுத்துக்கொண்டே குத்திப் பார்த்த ஆராய்ச்சிகளில் அப்படி எதுவும் வரவில்லை. தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2015இல் எழுதி வைத்துவிட்டது.

5 மார்ச், இரவு 10.20

காரணத்தை எழுதுவதாகச் சொன்னேன்.

மாமியாரைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பிறந்த பிள்ளையின் நரம்புக்கு மேலுறை முழுதாக வளரவில்லை, அதனால் வலி மூளைக்குப் போகாது என்று பாடம் நடத்தினார்கள். ஆனால் வலியைக் கொண்டுபோகிற மெல்லிய நரம்புகளில் பலவற்றுக்குப் பெரியவர்களிடமும் அந்த மேலுறை கிடையாது. மூளையிலிருந்து இறங்கி வந்து வலியைத் தணிக்கிற பாதைதான் பிள்ளைக்கு இன்னும் முதிரவில்லை. அப்படியென்றால் நம்மைவிட அதற்கு வலி கூடவே இருக்கலாம்.

கன்வல்ஜீத் ஆனந்த் என்று ஒரு டாக்டர். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்குத் திரும்பி வரும் குறைமாதப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு மோசமாக வருகின்றன என்று பார்க்கப் போனவர், அங்கே வலி மருந்தே கொடுக்கவில்லை என்று கண்டுபிடித்தார். தசையை அசையவிடாமல் செய்கிற மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும்தான் கொடுத்திருக்கிறார்கள். வலி மருந்து சேர்த்துக் கொடுத்த பிள்ளைகளுக்குச் சிக்கல் குறைவு என்று அவர் குழு காட்டியது 1987இல். நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு முன்பு. இருந்தும் நான் சேர்ந்த வார்டில் "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்றுதான் மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அடுத்து வந்தவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன். எத்தனை தாய்மாரை வெளியே நிற்க வைத்திருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கவே மனசு வரவில்லை.

அழுதால் நுரையீரல் விரியும் என்பது பிறந்தவுடன் வரும் முதல் அழுகைக்குச் சரி. நாலாம் நாள் நுரையீரல் ஏற்கனவே விரிந்துதான் இருக்கிறது. வலியில் அழும்போது இதயம் வேகமாக அடிக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். இதில் பிள்ளைக்கு ஒரு லாபமும் கிடையாது.

6 மார்ச், மதியம் 1.05

பட்டர்வொர்த் தம்பி எழுதியிருக்கிறார். முதல் மிஸ்ஸி முடியாது என்றாராம், பக்கத்தில் இருந்த இன்னொரு மிஸ்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டாராம். பிள்ளை குத்தும்போது ஒருமுறை நிறுத்தி, முகத்தைச் சுளித்து, மறுபடி உறிஞ்ச ஆரம்பித்துவிட்டதாம். பாப்பாவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, பிறந்தது பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் கேக் வாங்க வேண்டும், அப்பாவுக்கு மிச்சம்!

குத்தியதைவிடப் பிதுக்கியபோதுதான் அதிகம் அழுதது என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியான கவனிப்பு. ஊசி ஒரு நொடி. கண்ணாடிக் குழாய் நிறைகிறவரை பெருவிரலால் குதிகாலை அழுத்தி அழுத்திப் பிதுக்குவது இரண்டு மூன்று நிமிஷம். கை பழகியவர்கள் பிதுக்க மாட்டார்கள். காலைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, மெல்லப் பிடித்து, விட்டு, சொட்டு தானாகத் திரண்டு வரும்வரை காத்திருப்பார்கள். குத்த வேண்டிய இடம் குதிகாலின் இரண்டு ஓரங்கள். பின்பக்க வளைவில் குத்தக் கூடாது, அங்கே எலும்பு கிட்டத்தில் இருக்கிறது. கையால் குத்துகிற பழைய ஊசியைவிட, பட்டனை அழுத்தினால் தானாகக் குத்தித் தானாக உள்ளே போய்விடும் லான்செட் நல்லது. ஆழம் அளவாக இருக்கும், ஒரே குத்தில் ரத்தம் வரும்.

கிளினிக்குப் போகுமுன் காலுக்குச் சாக்ஸ் போட்டுச் சூடாக வைத்திருங்கள்.

7 மார்ச், காலை 7.30

மேலே சாக்ஸ் பற்றி எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். காலைச் சூடாக்கினால் ரத்தம் சுலபமாக வரும் என்று வார்டில் நாங்கள் எல்லோரும் நம்பிச் செய்தோம். சோதித்துப் பார்த்தவர்கள் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார்கள். சாக்ஸ் போடுங்கள், ஏர்கான் குளிருக்கு நல்லது. அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. கைதேர்ந்தவர் கையில், குதிகாலில் குத்துவதைவிடப் புறங்கை ரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுப்பது பிள்ளைக்கு வலி குறைவு. கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். ரத்தக்குழாயில் எடுக்கும்போது பிதுக்குகிற வேலை இல்லை.

7 மார்ச், இரவு 9.45

நெற்றியிலோ நெஞ்சிலோ வைத்து மஞ்சளை அளக்கும் மீட்டர் பற்றிக் கேட்டவருக்கு: இருக்கிறது, குத்தவே வேண்டாம். எண் அதிகமாகக் காட்டினால் ரத்தத்தில் உறுதி செய்துதான் ஆக வேண்டும். நீல லைட்டுக்குக் கீழே வைத்த பிள்ளைக்கு அந்த மீட்டர் சரியாகக் காட்டாது. இருந்தாலும் எத்தனையோ குத்துகளை மிச்சப்படுத்துகிறது. நம் நாட்டில் ஜி6பிடி என்கிற என்சைம் குறைபாடு, தைராய்டு இரண்டையும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிடுவதால் அதற்காகவும் பிள்ளையைக் குத்துவதில்லை. குத்தாமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்பதுதான் எப்போதும் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

9 மார்ச், மாலை 5.30

பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பு தொட்டு வைக்கிற சேனை விஷயத்துக்கு வருவோம். ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முன்னால் நாக்கில் சீனிக் கரைசல் விடுகிறார்கள் என்று ஒரு பாட்டிக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்? என் அம்மா சொன்னதையே எழுதுகிறேன். "நாங்க சேனை வச்சா திட்டுவீங்க, நீங்க வச்சா மருந்தா?" அம்மா கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே பிள்ளை பிறந்ததும் குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவராகப் பார்த்து அழைத்து, சீனித் தண்ணியோ தேனோ தொட்டு நாக்கில் வைக்கச் சொல்வார்கள். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. வார்டில் மலாய்க்காரத் தாத்தாக்கள் பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் மேலண்ணத்தில் தடவுவதையும் பார்த்திருக்கிறேன். இனிப்பு பட்டால் பிள்ளை அடங்கும் என்பதை எல்லா வீட்டுப் பெரியவர்களும் கண்டுவைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். தேன் ஒரு வயது வரைக்கும் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், உடம்பு துவண்டு போகும், மூச்சே நிற்கலாம். வீட்டில் கரைக்கும் சீனித் தண்ணி சுத்தமில்லை, அளவில்லை, பாலுக்கு இடமில்லாமல் வயிற்றை நிரப்பும். மஞ்சள் இருக்கிற பிள்ளைக்குச் சீனித் தண்ணி கொடுத்தால் மஞ்சள் இறங்கும் என்பது தவறு. பால் குறைந்தால் மஞ்சள் ஏறத்தான் செய்யும். வார்டில் கொடுப்பது கிருமி நீக்கிய 24 விழுக்காட்டுச் சுக்ரோஸ் கரைசல். சில துளி. வலிக்கிற வேலை செய்வதற்கு இரண்டு நிமிஷம் முன்னால், அதுவும் கணக்கு எழுதி. அழுகிற பிள்ளையை அடக்க வீட்டில் கொடுக்கிற பொருள் இல்லை.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப உன் பிள்ளைக்கு யாரு சேனை வைக்கறது?" என்றார். கடைசியில் என் மகளுக்கு என் சீம்பாலையே விரலில் தொட்டு அம்மா வைத்தார். என் பேத்திக்கு நானும் அப்படியே வைத்தேன்.

10 மார்ச், இரவு 11.10

நேற்று எழுதியதைப் படித்தால் சீனித் துளி வலியைப் போக்கிவிடும் என்று நான் சொல்கிற மாதிரி இருக்கிறது. அப்படி விட்டுவிடக் கூடாது. 2010இல் லண்டனில் பிள்ளைகளின் தலையில் மின்வாய் பொருத்தி, குதிகாலில் குத்தும்போது மூளை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். சுக்ரோஸ் கொடுத்த பிள்ளைகள் முகம் சுளிப்பது குறைந்தது. மூளையில் வந்த வலி அலை குறையவில்லை. பிள்ளை அழவில்லை என்றால் வலிக்கவில்லை என்று நாங்கள் கணக்குப் போட்டது தவறாக இருக்கலாம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றும் சுக்ரோஸ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை சீக்கிரம் அமைதியாகிறது, அதுவும் பெரிய விஷயம். ஆனால் துளியை விட்டோம், கடமை முடிந்தது என்று தாயை வெளியே அனுப்பக் கூடாது. துளியும் வேண்டும், மடியும் வேண்டும்.

10 மார்ச், இரவு 11.25

குதிகால் ஊசிக்கு மரத்துப்போகிற கிரீம் உதவாது. பாரசிட்டமாலும் உதவாது. இரண்டையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

17 மார்ச், மாலை 4.00

ஒரு வாரமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ள அம்மாவுக்குப் பிறந்த பையன் அவன். நல்ல கனம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கும் என்பதால் முதல் நாளிலிருந்தே சில மணி நேரத்துக்கு ஒருமுறை குதிகாலில் குத்திப் பார்ப்போம். எனக்கு இரண்டாம் நாள் ராத்திரி டூட்டி. தூங்கிக்கொண்டிருந்தான். துணியை விலக்கி இடது காலை வெளியே எடுத்தேன். குதிகால் ஓரத்தில் எள்ளு எள்ளாகப் பழைய குத்துகள், சுற்றிலும் ஊதா நிறம். ஸ்பிரிட் பஞ்சை வைத்தேன், இன்னும் குத்தவில்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவில் புடைத்தது. கண் இறுகியது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரைக்கும் கோடு விழுந்தது. கால்விரல் ஐந்தும் விசிறியாக விரிந்தன. அப்புறம்தான் சத்தம் வந்தது.

பஞ்சு ஜில்லென்று இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு குத்தினேன்.

வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. 2002இல் கனடாவில் அன்னா டாடியோவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி அச்சாக இதைப் பற்றியது. இனிப்புநீர் உள்ள தாய்மாருக்குப் பிறந்து, முதல் ஒன்றரை நாளில் பலமுறை குதிகாலில் குத்தப்பட்ட பிள்ளைகள். அப்புறம் கையில் ரத்தம் எடுக்கப் போகும்போது, தோலைத் துடைக்கும்போதே முகத்தைச் சுளித்தன. குத்துப்படாத பிள்ளைகள் அப்படிச் செய்யவில்லை. ஊசி போட்டபோதும் குத்துப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வலி அதிகம்.

பிறந்து இரண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் துடைத்தால் அடுத்தது குத்து என்று அவன் தெரிந்துவைத்திருந்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஐந்து விரல்தான் முன்னால் வரும்.

18 மார்ச், காலை 8.20

நேற்று பலர் தனிச்செய்தியில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். கையில் இருப்பதைச் செய்வோம். குத்துவதற்குக் கொஞ்சம் முன்பு பிள்ளையின் காலை மெல்லத் தடவிக்கொடுங்கள். நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகம். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டில் அந்த வேகத்தில் தூரிகையால் தடவிப் பார்த்தபோது மூளையின் வலி அலை குறைந்தது. மேலே சீனித் துளியால் குறையவில்லை என்று சொன்னேனே, அதே அலைதான். நான் ஸ்கேலை வைத்து என் கையிலேயே தடவிப் பார்த்தேன். தாலாட்டு பாடும்போது முதுகைத் தடவுகிற வேகம் கிட்டத்தட்ட அதுதான்.

19 மார்ச், இரவு 9.00

காது குத்துவது பற்றிக் கேட்டு என்னை மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதை நான் எதற்கு நிறுத்தச் சொல்கிறேன்? முதல் தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை பொறுங்கள். அவசரம் பிள்ளைக்கு இல்லை.

24 மார்ச், காலை 11.30

29 வாரத்தில் பிறந்த பிள்ளையை இன்குபேட்டரில் வைத்திருக்கும் சகோதரிக்கு.

கண்ணாடிக்கு வெளியே நின்று அழுவதைத் தவிர நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய முடியும், அம்மா. உங்கள் பிள்ளைக்குத்தான் இதெல்லாம் மற்ற எல்லாப் பிள்ளைகளையும்விட அதிகம் தேவை. பாரிஸ் வட்டாரத்து வார்டுகளில் 430 பிள்ளைகளைக் கணக்கெடுத்தபோது ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் வலிக்கிற வேலையே பத்து வந்தது. சளி உறிஞ்சுவது, டேப் உரிப்பது எல்லாம் சேர்த்து. அதில் பெரும்பாலானவற்றுக்கு வலி தணிக்க எதுவும் கொடுக்கவில்லை.

மிஸ்ஸி ஏதாவது செய்யப் போகிறார் என்றால், "நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லுங்கள். கையைக் கழுவி, உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்கி, ஒரு கை தலையைக் கவிந்து, இன்னொரு கை மடக்கிய கால்களைப் பாதத்தோடு சேர்த்து. தட்டக் கூடாது, ஆட்டக் கூடாது. வயிற்றுக்குள் சுருண்டிருந்த மாதிரி அணைத்துப் பிடித்தால் போதும். வேலை முடிந்ததும் கையைச் சட்டென்று எடுக்காதீர்கள். மூச்சு சீராகி விரல் தளரும்வரை இருங்கள்.

டேப் உரிப்பதைக் கவனியுங்கள். குறைமாதப் பிள்ளையின் தோல் டேப்போடு வந்துவிடும். தண்ணீரில் நனைத்து, தோலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மேலே தூக்காமல் தோலோடு படிந்தவாறே மடித்து எடுக்க வேண்டும். இன்குபேட்டர் மேல் பால் பாட்டில், கிளினிக் புத்தகம் எதையும் வைக்கவிடாதீர்கள். உள்ளே அது இடி மாதிரி கேட்கும். சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள், கதவை டப்பென்று சாத்தினாலே அதைத் தாண்டிவிடும்.

டாக்டர் சம்மதித்ததும் கங்காரு முறையில் நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். இது 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஆரம்பித்தது, இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில். நெஞ்சில் இருக்கும்போதே குதிகாலில் குத்தச் சொல்லலாம். கண் பரிசோதனை நாள் எப்போது என்று முன்பே கேட்டு வையுங்கள். அது நன்றாகவே வலிக்கும், அன்றைக்கு நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ கட்டாயம் பக்கத்தில் இருங்கள்.

24 மார்ச், பிற்பகல் 2.10

மிஸ்ஸிகள் மேல் கோபமாகச் சிலர் எழுதுகிறீர்கள். ஒரு ஷிப்டில் எத்தனை பிள்ளைகளை ஒருவர் பார்க்கிறார் தெரியுமா? தாய் உள்ளே வந்து உட்கார்ந்தால் வேலை தாமதமாகும் என்று பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் தாமதமாகாது. துள்ளாத காலில் ஒரே குத்தில் முடிந்துவிடும். இதை ஒரு மிஸ்ஸி இன்னொரு மிஸ்ஸிக்குச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

29 ஏப்ரல், இரவு 10.05

பட்டர்வொர்த் பாப்பாவுக்கு இன்று இரண்டு மாதம். மஞ்சள் மார்ச்சிலேயே இறங்கிவிட்டது. நாளை ஆறு நோய்க்கும் சேர்த்துப் போடுகிற தடுப்பூசி, தொடையில். என் பேத்திக்கும் அதே நாள்தான், ஆயர் ஈத்தாம் பக்கம். மேசையில் படுக்க வைக்காதீர்கள், மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மேலே எழுதியதுதான்.

30 ஏப்ரல், மதியம் 12.40

எங்கள் வீட்டில் முடிந்தது. உள்ளே போனபோது இளைய மிஸ்ஸி மேசையில் துணி விரித்துத் தயாராக நின்றார். என் மகள், "பால் கொடுத்துக்கிட்டே போடலாமா?" என்று கேட்டாள். அவர் யோசித்தார். கதவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். பேத்தி ஒரு கத்து கத்தினாள், நான் பத்து எண்ணுவதற்குள் மறுபடி உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள். மிஸ்ஸி பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். மலாய்க்காரப் பெண், முதல் பிள்ளை போல. உள்ளே மிஸ்ஸி அவரிடம் கேட்டது கதவு வழியாகக் கேட்டது: "புவான், நாக் சுசுகான் டுலு?" அம்மா, முதலில் பால் கொடுக்கிறீர்களா என்று.